முடிச்சுப் போட்ட கை

“வருஷம் பூரா என் காலடித் தட்டுல கிடந்துட்டு, என் திருநாள் அன்னிக்கே என்னைக் கீழே இறங்குன்னு சொல்றியே, உனக்கு இது அடுக்குமா?”

மாதா கொடி கேட்டது இதைத்தான். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்ட இடம், ஆழிமுனைப் பரலோக மாதா கோயிலின் பின்னறை அலமாரி. கேட்கப்பட்டது, ஒரு தட்டு கீழே மடிந்து கிடந்த தேசக் கொடியிடம்.

கொடிகள் பேசுமா என்று ஆரம்பிக்க வேண்டாம். வாய் உள்ளவர்கள் பேசி என்ன கிழித்தார்கள் என்று பார்த்துவிட்டு, அப்புறம் கேளுங்கள்.

அந்தக் கடற்கரை ஊரில் போன வருஷம் வரை இரண்டு கொடிமரங்கள் இருந்தன. கோயிலுக்கு முன்னால் அறுபதடி உயரத்தில் ஒன்று, அது மாதாவுக்கு. கோயிலுக்குப் பின்னால், மைதானத்து மூலையில் ஓர் இரும்புக் குழாய், அது நாட்டுக்கு. ஆகஸ்ட் ஆறாம் தேதி மாதா கொடி ஏறும், பத்து நாள் பறக்கும். பதினைந்தாம் தேதி மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அன்றைக்கேதான் சுதந்திர தினமும். காலைப் பூசை முடிந்ததும் சனம் அப்படியே பின்பக்கம் போய்த் தேசக் கொடியை ஏற்றி, கீதம் பாடி, மிட்டாய் வாங்கிக்கொண்டு கலையும். ஒன்றுக்கு முன்வாசல், ஒன்றுக்குக் கொல்லை. சண்டை வர வழியே இல்லை.

இந்த வருஷம் ஆடிக் காற்றில் இரும்புக் குழாய் முறிந்து விழுந்தது. உப்புக் காற்று அதை உள்ளே இருந்து தின்றிருந்தது. ஊரார் வருஷா வருஷம் வெளியே சில்வர் பெயின்ட் அடித்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆக, இப்போது ஒரே மரம், இரண்டு கொடி, ஒரே நாள். தேசக் கொடி ஏறும் மரத்தில் வேறு கொடி இருக்கக்கூடாது. அதைவிட உயரத்தில் பக்கத்திலும் எதுவும் பறக்கக்கூடாது. சட்டம் அப்படி. பதினைந்தாம் தேதி காலையில் மாதா கொடியை இறக்கிவிட்டுத் தேசக் கொடியை ஏற்றுவது என்று விழாக்குழுவில் பேசியிருந்தார்கள். அந்தச் செய்தி அலமாரிக்குள் எட்டிய சாயங்காலம்தான் இந்தச் சண்டை.

“உனக்குப் பத்து நாள். எனக்கு ஒரு நாள்,” என்றது தேசக் கொடி. “அதுவும் முழு நாளா? காலையில ஏத்தி, பொழுது சாயறதுக்குள்ள இறக்கிடுவாங்க. வருஷத்துக்கு ஒம்பது மணி நேரம். மிச்சமெல்லாம் இந்த அந்துருண்டை வாசனைதான். அதையும் விட்டுக்கொடுன்னா எப்படி?”

“குடியரசு தினம்னு இன்னொண்ணு இருக்கே. அதை யாரு வேண்டாம்னா?”

“அன்னிக்கு இந்த ஊர்ல திருநாள் இல்லியே. அதனால ஒருத்தருக்கும் ஞாபகம் வராது.”

 வாதத்தில் தோற்றவர்கள் செய்வதை மாதா கொடியும் செய்தது. குரலை உயர்த்தியது.

“நான் தாயோட கொடி. கடல்ல போனவன் கரை தெரியாம தவிக்கும்போது என்னைத்தான் தேடுவான்.”

“நான் நாட்டோட கொடி. என்னைப் பார்த்தா எழுந்து நிக்கணும்.”

“எழுந்து நிக்கறது வேற, தேடறது வேற.”

தேசக் கொடிக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டுமே. அதைச் சுற்றியிருந்த நீலத் துணியின் மேல் பாய்ந்தது.

“நீ எதுக்கு என்னை இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கே? மேலெல்லாம் உப்பு நாத்தம்.”

“நான் இறுக்கிப் பிடிக்கேல்லை. நீதான் ஊதிப்போய் இருக்கிறாய்,” என்றது நீலத் துணி.

பழைய நூல் சேலையிலிருந்து கிழித்த துண்டு அது. தேசக் கொடியை அந்து தின்னாமல் சுற்றி வைப்பதற்காக அலமாரிக்குள் வந்து சேர்ந்தது. பேச்சு வேறு கரைப் பேச்சு.

“ஏய், நீ எந்த நாட்டுத் துணி?” என்று கேட்டது மாதா கொடி. சண்டைக்காரர்கள் இரண்டு பேர் ஒன்றாகச் சேர மூன்றாவதாக ஒருவர் கிடைத்தால் போதும்.

“நெய்தது இந்தப் பக்கம். உடுத்தது அந்தப் பக்கம். படகில வரேக்கை ஒரு மாதா சுரூபத்தைச் சுத்திக்கொண்டு வந்தது. எந்த நாடு எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ.”



அதற்குள் அலமாரிக் கதவு திறந்தது. உபதேசியார் கித்தேரியான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கோயில் மணி அடிப்பதிலிருந்து சாமியாருக்கு அங்கி எடுத்து வைப்பது வரை அவர் வேலை. அவருக்குப் பின்னால் எமில்டா, கையில் இஸ்திரிப் பெட்டியுடன்.

எமில்டா முகாமில் இருப்பவள். முப்பது வருஷத்துக்கு முன்னால் மன்னாரிலிருந்து படகில் வந்து, கோயிலுக்கு ஒரு மைல் வடக்கே இருக்கும் அகதி முகாமில் இறங்கினாள். இறங்கிய இடத்திலேயே இன்னும் இருக்கிறாள். பீடத் துணி, சாமியார் அங்கி, இரண்டு கொடி எல்லாவற்றையும் துவைத்து இஸ்திரி போடுவது அவள்தான். ஊரில் கேட்டால் ‘நம்ம எமில்டா’ என்பார்கள். அரசாங்கப் பாரத்தில் அந்த ‘நம்ம’வை எழுத இடம் இருக்காது.

“அண்ணன், மெய்யாவே கோயில் மரத்திலையா ஏத்தப் போறீங்கள்?” என்று கேட்டாள் எமில்டா. “முன்னுக்கு நிக்கிற பெரிய மரத்திலையா?”

“வேற எங்கம்மா ஏத்த? என் தலையிலயா?”

“அப்ப பனைக்கு மேலால தெரியுமே!” அவள் இஸ்திரிப் பெட்டியை நழுவ விடப் பார்த்தாள். “எங்கட லைன்ல நிண்டாலே தெரியுமே அண்ணன்!”

உபதேசியார் அவளைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

சுதந்திர தினத்தில் அந்த முகாமில் ஆள் எண்ணுவார்கள். அதிகாரி வந்து பெயர் கூப்பிட்டு முடிக்கும் வரை யாரும் வாசலைத் தாண்டக்கூடாது. அதிகாரி தன் கொடியேற்றம், தன் பேச்சு, தன் மிட்டாய் எல்லாம் முடித்து வந்து, எண்ணி எழுந்து போகச் சாயங்காலம் ஆகிவிடும். எமில்டா கோயிலுக்கு ஓடி வரும்போது கொடி இறங்கி, மடிந்து, மேசை மேல் கிடக்கும். முப்பது வருஷமாக அந்தக் கொடியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, முந்தின நாளே கட்டிக் கொடுத்தவள், அது மரத்தில் விரிந்து ஒரு தடவை கண்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒரே கேள்வி கேட்பாள்.

“வடிவா விரிஞ்சதா அண்ணன்?”

“விரிஞ்சுதும்மா,” என்பார் உபதேசியார்.

அவ்வளவுதான் அவளுக்குக் கிடைக்கும் சுதந்திர தினம்.

“தெரியும்மா. ஜம்முனு தெரியும்,” என்றார் உபதேசியார் இப்போது. “ஆனா மாதா கொடியை எங்கே வைக்க? திருநாள் அன்னிக்கு அதை இறக்கினா சனம் என்னைக் கடல்ல இறக்கிடும்.”

“ஒரு சவுக்குக் கம்பம் நடுங்கோ. இடப் பக்கமா, கொஞ்சம் பதிவா, உயரம் குறைச்சு. அண்டைக்கு ஒரு நாள் மட்டும் மாதா அதில நிக்கட்டும்.” எமில்டா மாதா கொடியை எடுத்து உதறினாள். “பிள்ளைக்கு ஒரு நாள் இடம் விட்டா, தாய் குறைஞ்சே போவா?”

மாதா கொடி வாயைத் திறக்கப் பார்த்தது. தாய் என்ற சொல்லுக்குப் பிறகு எதைச் சொன்னாலும் அசிங்கமாக இருக்கும் என்று புரிந்து மூடிக்கொண்டது.

ஆறாம் தேதி அது பெரிய மரத்தில் ஏறியது. வேட்டு, வாத்தியம், சனம், எல்லாம் உண்டு. அலமாரியில் தேசக் கொடியும் நீலத் துணியும் மட்டும் மிஞ்சின.

பதினான்காம் தேதி சாயங்காலம் எமில்டா வந்தாள். தேசக் கொடியை மேசையில் விரித்து, தண்ணீர் தெளித்து, காவியில் ஆரம்பித்துப் பச்சை வரைக்கும் ஒரு சுருக்கம் இல்லாமல் இஸ்திரி போட்டாள். பிறகு கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. கொடியின் இரண்டு மூலையைப் பிடித்துத் தூக்கி, மேசை விசிறிக்கு நேரே காட்டினாள்.

அந்த விசிறி கோயில் விசிறி. மூன்று சுற்றுக்கு ஒரு தடவை இருமும். அதன் காற்றில் தேசக் கொடி லேசாக அலைந்தது. எமில்டா தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, தூரத்திலிருந்து பார்ப்பது போலப் பார்த்தாள். பூ வாங்கி வரப் போகும்போது கொடியை மேசை மேல் நீலத் துணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

“ஒவ்வொரு வருஷமும் இந்தக் கூத்து,” என்று அலுத்துக்கொண்டது தேசக் கொடி. “விசிறிக் காத்துல ஆட்டிப் பார்க்கறதுக்கு நான் என்ன திரைச்சீலையா?”

“அவ வேற எங்கை பாக்கிறது?” என்றது நீலத் துணி.

“ஏன், நாளைக்கு எல்லாரும் பார்க்கறப்ப பார்க்கட்டுமே.”

“நாளைக்கு அவையளை எண்ணுவினம். வருஷா வருஷம் எண்ணுவினம். நீ பறக்கிறதை அவ ஒரு நாளும் கண்டதில்லை. உனக்குத் தெரியாதே?”

தேசக் கொடிக்குத் தெரியாது. உச்சியில் இருக்கும்போது அது தன்னைப் பார்க்கிறவர்களை எண்ணியிருக்கிறதே தவிர, பார்க்காதவர்களை எண்ணியதில்லை.

“முப்பது வருஷமாவா?”

“முப்பது வருஷமா. ‘வடிவா விரிஞ்சதா’ எண்டு கேப்பா. நீ மடிச்சபடி கிடந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தனி?”

கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வேலைக்காரர்கள் கேட்கிற கேள்வி என்று விட்டுவிட்டது.

 தேசக் கொடியின் குரல் மாறியது. “நாளைக்குப் பார்ப்பா. பனைக்கு மேலே. காத்து தென்கிழக்கா இருந்தா முகாம் பக்கமே முகம் காட்டி நிக்கலாம். காத்து எப்படி இருக்கும்னு நினைக்கிறே?”

“நல்லா இருக்கும்,” என்றது நீலத் துணி. “ஆடிக் காத்து ஏமாத்தாது. அந்தக் கரையிலயும் அப்பிடித்தான்.”

“அந்தக் கரைக்குப் போகணும்னு உனக்கு இருக்கா?”

“இருக்கு. இஞ்சை ஒருக்கா வெளியில வெயில்ல காயவேணும் எண்டும் இருக்கு. ரெண்டும்தான் இருக்கு.”

எமில்டா பூவோடு வந்தாள். இரண்டு கைப்பிடி ரோஜா இதழ், அதற்கு மேல் இல்லை. கொடியை மடித்து, நடுவில் இதழை வைத்து, சுருட்டி, கயிற்றை எடுத்தாள்.

இந்த முடிச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொடி பொட்டலமாக உச்சிக்குப் போகும். கீழே இருந்து கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு அவிழ்ந்து, பூக் கொட்டி, கொடி விரிய வேண்டும். எத்தனை ஊர்களில் எத்தனை பெரிய மனிதர்கள் விரியாத கொடியின் கயிற்றை இழுத்து இழுத்து அசடு வழிந்திருக்கிறார்கள்! ஆழிமுனையில் மட்டும் அது நடந்ததே இல்லை. எமில்டா வீட்டார் படகுப் பாய் தைத்தவர்கள். காற்று திடீரென்று திரும்பினால் பாய்மரத்துக் கயிறு ஒரே இழுப்பில் விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் படகு கவிழும். அவள் போடுவது அந்த முடிச்சு.

முதல் சுற்றுச் சுற்றியிருப்பாள். விழாக்குழுத் தலைவர் தொபியாஸ் உள்ளே வந்தார். நாளைக்கு வரும் சிறப்பு விருந்தினருக்கு மாலை, சால்வை எல்லாம் சரியா என்று பார்க்க வந்தவர். இந்த வருஷம்தான் தலைவர் ஆகியிருந்தார். அதனால் எல்லாவற்றிலும் கண் இருந்தது.

“என்ன பண்றீங்க?”

“கொடி கட்டுறன் ஐயா.”

தொபியாஸ் உபதேசியாரைக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரலுக்கு உபதேசியார் தூபக்கலசத்தோடு ஓடி வந்தார்.

“இத்தனை வருஷமா தேசக் கொடியைக் கட்டினது இவங்களா?”

“ஆமா தலைவரே. துவைக்கிறது, இஸ்திரி போடறதுகூட...”

“துவைக்கட்டும். இஸ்திரி போடட்டும். நான் வேண்டாங்கலை. முடிச்சை நம்ம ஆளுதான் போடணும். நாளைக்கு வர்றவர் பட்டாளத்துல பெரிய பதவியில இருந்தவர். கொடி யாரு கட்டினதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல?”

“எமில்டான்னு சொல்லுங்க.”

“உபதேசியாரே, உமக்கு வயசாச்சு.”

 எமில்டா சுற்றின சுற்றைப் பிரித்து, கயிற்றை மேசை மேல் வைத்தாள். வைத்துவிட்டு, “ஒரு சுருக்குத்தான் ஐயா. இறுக்காதேங்கோ,” என்றாள்.

“எனக்குச் சொல்லித் தரீங்களா? கடல்ல வளர்ந்தவன்மா நான்.”

“கடல்ல இல்ல, ஐஸ் கம்பெனியில,” என்றார் உபதேசியார், தூபக்கலசத்துக்குள்.

தொபியாஸ் இரண்டு கைப்பிடி இதழைப் பார்த்து, “இது என்ன கஞ்சத்தனம்?” என்றார். விருந்தினருக்கு வாங்கி வைத்திருந்த மாலையில் ஒன்றைப் பிய்த்து, ஈரத்தோடு முழுவதையும் கொடிக்குள் திணித்தார். பொட்டலம் பலாப்பழம் மாதிரி ஆனது. அதன் மேல் கயிற்றைச் சுற்றினார். ஒரு முடிச்சு. அதன் மேல் ஒன்று. காற்றில் பாதியிலே அவிழ்ந்துவிட்டால் மானம் போய்விடுமே என்று, அதற்கும் மேல் ஒன்று.

“ஐயோ, இவருக்கு முடிச்சுத் தெரியாது!” என்றது நீலத் துணி. “கத்து! எப்பிடியாவது திமிறு!”

தேசக் கொடி திமிறவில்லை. இது வரைக்கும் எந்தத் தலைவரும் அதைக் கையால் தொட்டுக் கட்டியதில்லை. நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

“இறுக்கினாத்தான் என்ன?” என்றது. “அவர் எங்க ஆள்.”

மறுநாள் பூசை முடிந்தது. ஆழிமுனை முழுவதும் முன்வாசலில் நின்றது. சவுக்கு மரத்தில் மாதா கொடி இடம் மாறியிருந்தது. பெரிய மரத்தைவிட இருபதடி தாழ்வு. சனம் ஒரு சொல் முனகவில்லை. இறக்கவில்லையே, பக்கத்தில் தள்ளித்தானே நிற்கிறாள் என்று சமாதானம் ஆகிவிட்டது. விருந்தினர் நாற்காலியில் கடற்காற்றின் ஈரம் இருந்தது. தொபியாஸ் நீலத் துணியால் அதைத் துடைத்து, துணியைக் கொடிமரத்து அடியில் கயிறு சுற்றும் கொக்கியில் மாட்டினார். ஆக, நீலத் துணிக்கும் வெயில் கிடைத்தது.

பொட்டலம் ஏறியது. அறுபதடி ஏறி, உச்சிக் கப்பியில் முட்டி நின்றது. விருந்தினர் கயிற்றைச் சுண்டினார்.

ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு தடவை சுண்டினார். பாடகர் குழு, முதல் சுண்டிலேயே ஆரம்பித்துவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்ததால், கீதத்தை எடுத்துவிட்டது. விருந்தினர் ஒரு கையால் சல்யூட் வைத்தபடி மறு கையால் இழுத்தார். தொபியாஸ் வந்து இரண்டு கையாலும் இழுத்தார்.

“மெதுவா! மெதுவா! என் கழுத்து!” என்று கதறியது கயிறு. “இழுக்க இழுக்க இறுகுற மாதிரி கட்டியிருக்காங்க. நான் என்ன செய்ய?”

கீதம் முடிந்தது. சனம் ஒரு பொட்டலத்துக்கு மரியாதை செய்து முடித்திருந்தது.

“இறக்கிட்டு, சரி பண்ணி ஏத்திடலாம் தலைவரே,” என்றார் உபதேசியார். “எமில்டாவுக்கு ஒரு ஆள் அனுப்பினா, அதிகாரிகிட்ட நான் பேசிக் கூட்டிட்டு...”

“ஏத்தின கொடியை உடனே இறக்கறதா? விருந்தினர் முன்னாடியா?” தொபியாஸின் காது சிவந்திருந்தது. “அந்தம்மா வந்து அவிழ்த்தாத்தான் நம்ம கொடி பறக்கும்னு ஊரெல்லாம் பேசணுமா? இருக்கட்டும். காத்துக்குத் தானா விரியும். மைக்கை வையும்.”

உபதேசியார் மைக்கை வைத்தார். விருந்தினர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் படித்தார். “விண்ணை முட்டி விரிந்து பறக்கும் இந்த மூவண்ணக் கொடியின் கீழே நிற்கும்போது...” என்று ஆரம்பித்தது பேச்சு. யாரும் சிரிக்கவில்லை. சிலர் மேலே பார்த்தார்கள். பெரும்பாலோர் மிட்டாய்ப் பெட்டியைப் பார்த்தார்கள்.

மேலே, பொட்டலத்துக்குள் இருட்டாக இருந்தது. ஈரப் பூ வெயிலில் வெந்து வாடை அடித்தது. தேசக் கொடி தன் உடம்பையே தன் மேல் போர்த்திக்கொண்டு மூச்சு முட்டிக் கிடந்தது.

“யாராவது இருக்கீங்களா?”

“நான் இருக்கேன்,” என்றது மாதா கொடி பக்கத்து மரத்திலிருந்து. பத்து நாளுக்கு முன்னால் என்றால் வேறு மாதிரி பேசியிருக்கும்.

“காத்து எப்படி இருக்கு?”

மாதா கொடி கொஞ்சம் யோசித்தது. அது அப்போது முழு நீளத்துக்கும் விரிந்து, படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் பொட்டலத்துக்குள்ளும் கேட்டிருக்கும். “நல்ல காத்து,” என்றது. “தென்கிழக்கு.”

“நான் கேட்ட காத்து.”

“ஆமா.”

“முகாம் தெரியுதா உனக்கு?”

“தெரியுது. பனைக்கு அங்கிட்டு. தகரமா மின்னுது. சனத்தை வரிசையா நிறுத்தியாச்சு.”

“எமில்டா?”

“மூணாவது வரிசை. ஓரத்துல. வெள்ளைச் சேலை, திருநாள் சேலை. கையை நெத்தியில வெச்சுக்கிட்டு இந்தப் பக்கமே பார்க்கறா.”

“என்ன பார்க்கறா?”

“உன்னைத்தான்.”

“நான் எப்படித் தெரியறேன்?”

மாதா கொடிக்குப் பொய் வரவில்லை. “ஒரு மூட்டை,” என்றது.

கீழே கொக்கியில் நீலத் துணி எம்பி எம்பிப் பார்த்தது. அதற்கு எட்டியது கயிற்றின் கடைசி முழம்தான். “கயிறு, கொஞ்சம் விட்டுக்கொடன்,” என்றது. “நான் இடையில நுழைஞ்சு பாக்கிறன்.”

“விட முடிஞ்சா விட்டிருக்க மாட்டேனா?” என்று அழுதது கயிறு.

தேசக் கொடி உள்ளே புரண்டது. தோளால் இடித்தது. காற்று வரும் திசையை நோக்கித் தன்னைத் தள்ளிப் பார்த்தது. மூன்று முடிச்சும் மூன்று முழங்கால் போல அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. எல்லாம் எங்க ஆள் போட்ட முடிச்சு. அந்த நினைப்பு இப்போது அதைக் குத்தியது. முப்பது வருஷம் தன்னை விடுவித்த விரல்களை அது ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் உச்சியில் விரிந்த கணத்தில், தானாகவே விரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தது.

“இன்னும் பார்க்கறாளா?”

“பார்க்கறா.”

பத்து நிமிஷம் கழித்து, “இப்ப?”

“இப்பவும். பக்கத்துல நிக்கிறவகிட்ட என்னவோ கேக்கறா. பக்கத்துக்காரி உதட்டைப் பிதுக்கறா. ஜீப் வந்துட்டுது. பெயர் கூப்பிட ஆரம்பிச்சாச்சு.”

“அவ பெயரை?”

“கூப்பிட்டாங்க. அவ கேக்கலை. இன்னொரு தடவை கூப்பிடறாங்க.” மாதா கொடி ஒரு கணம் அடிப்பதை நிறுத்தியது. “பக்கத்துக்காரி தோளைத் தொட்டுச் சொல்றா. கையைத் தூக்கறா. தூக்கிட்டு மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பிட்டா.”

கீழே பேச்சு முடிந்தது. விருந்தினரின் கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. சனம் கலைந்தது. தொபியாஸ் மிச்சம் இருந்த சால்வைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். உபதேசியார் மைக் வயரைக் கையில் சுற்றிக்கொண்டே, ஒரு தடவை மேலே பார்த்தார். பிறகு தொபியாஸைப் பார்த்தார். பிறகு வயரைப் பார்த்துச் சுற்றினார்.

தேசக் கொடி இதுவரை யாரிடமும் எதையும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்றுகூட அதற்குத் தெரியவில்லை. எழுந்து நிற்பவர்களை மட்டுமே பார்த்துப் பழகிய கொடி, சுருண்டு கிடந்த இடத்திலிருந்து, எட்டின மட்டும் குரல் கொடுத்தது.

“தலைவரே... உபதேசியாரே... கீழே யாரு இருந்தாலும் சரி. பொழுது இன்னும் இருக்கு, காத்தும் இருக்கு. ஒரே ஒரு ஆள் முகாம் வரைக்கும் போங்க. அதிகாரிகிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க. எமில்டாவைக் கூட்டிட்டு வாங்க. அவ வந்து இந்த முடிச்சை அவிழ்த்துட்டு, மரத்தடியில நின்னு பார்க்கட்டும். போங்களேன். யாராவது போங்களேன்.”